அத்தானுக்கு வந்த ஆசை

“கண் தெரியாத மனிசனுக்கு நீர்வீழ்ச்சி பார்க்க ஆசை! அதுகும் ஒண்டில்லை, ஏழு!”

பெட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டே கிருபன் முணுமுணுத்தான். ரதி அக்காவையும் அத்தான் குலசிங்கத்தையும் விமான நிலையத்தில் கொண்டுபோய் விடுவதற்காக, ஸ்ரௌவ்வில்லில் இருந்து மல்வேர்னில் இருக்கும் அவர்களுடைய வீட்டுக்குப் பனிக்குள்ளால் வந்திருந்தான்.

ஆறு வருசத்துக்கு முந்தி சீனி வருத்தம் அத்தானின் இரண்டு கண்ணையும் பறித்துவிட்டது. அன்றிலிருந்து அக்காவுக்கு ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறை, விட்டால் வீடு. வேலை முடிந்த கையோடு பஸ் பிடித்து ஓடிவந்துவிடுவாள். ஒரு கலியாண வீட்டில்கூட அரை மணி நேரம் ஆறியிருந்து சாப்பிட மாட்டாள். அப்படிப்பட்டவளை இலங்கைக்குக் கொண்டுபோய் மலைமலையாக ஏற்றி இறக்கப் போகிறாராம் மனிதர்.

அக்காவைத் தனியாகப் பிடித்தான்.

“அக்கா, உனக்கு விசரே? அந்தாளுக்கு ஆசையெண்டால் நீயும் ஆடுறதே?”

“பாவமடா. தனக்கெண்டு வாய் திறந்து ஒண்டும் கேக்காத மனிசன், முதல்முதலாக் கேட்டுப்போட்டுது. நான் அவருக்காகத்தான் போறன். எனக்கென்னத்துக்கு நீர்வீழ்ச்சி?”

சொல்லிக்கொண்டே புது மழைக்கோட்டைப் போட்டுக் கண்ணாடியில் முன்னும் பின்னும் பார்த்தாள். அது அவள் வாங்கிய மூன்றாவது மழைக்கோட்டு.

கார் 401 நெடுஞ்சாலையில் ஏறியதும் அக்காவின் வாய் ஓயவில்லை.

“கிருபன், ரம்பொடையில றோட்டில நிண்டாலே முகத்தில தூவானம் அடிக்குமாம்! தியலுமை எழுநூறு அடியாமடா! எங்கட ஊரில தண்ணி மேல இருந்து விழுந்து நான் பார்த்ததெண்டால், வீட்டுத் தாங்கி நிரம்பி வழியேக்கதான்!”

“டெவன் நீர்வீழ்ச்சியை விட்டிட்டியோ?” பின் சீற்றிலிருந்து அத்தான் கேட்டார்.

“விடுவனே! மூண்டாம் நாள் காலமை டெவன். அங்கையிருந்து பார்த்தா சென் கிளயரும் கிட்டத்தானாம். ஐயோ, இந்தப் பிளேன் என்னத்துக்குப் பதினொரு மணிமட்டும் நிக்குது?”

அத்தான் சிரித்தார். கிருபனுக்குச் சிரிப்பு வரவில்லை. பாவம் அக்கா, மனிதர் சந்தோசப்படவேண்டும் என்று எவ்வளவு பாடுபட்டு நடிக்கிறாள் என்று நினைத்தான்.

விமான நிலையத்தில் பெட்டிகளைப் போட்டு முடிந்ததும், “அவருக்கு ஒரு ரீ வாங்கிக்கொண்டு ஓடியாறன்” என்று அக்கா போனாள். நடந்து அல்ல, உண்மையாகவே ஓடித்தான் போனாள். ஐம்பத்தாறு வயது.

இதுதான் சமயம் என்று கிருபன் அத்தானுக்குப் பக்கத்தில் இருந்தான்.

“அத்தான், கோவியாதேங்கோ. நீங்கள் செய்யிறது சரியில்லை.”

“என்னடாப்பா?”

“துன்ஹிந்தை நீர்வீழ்ச்சிக்கு வாகனம் போகாது. காட்டுப் பாதையால நடக்கோணும், கல்லும் வேரும். அக்கா தன்ர காலைப் பார்ப்பாவோ, உங்களைப் பிடிப்பாவோ? ரெண்டு பேரும் சறுக்கி விழுந்தா ஆர் தூக்கிறது?”

அத்தான் கைத்தடியை முழங்காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்திருந்தார்.

கிருபனுக்கு இன்னும் வேகம் வந்தது.

“அந்தச் சத்தத்தைக் கேக்கத்தானே இவ்வளவு தூரம் போறியள்? அதை வீட்டிலயே இருந்து யூரியூப்பில கேக்கலாமே. இப்பவும் ஒண்டும் கெட்டுப்போகேல்லை. ஏலாமக் கிடக்கு எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. நான் ரெண்டு பேரையும் திருப்பிக் கூட்டிக்கொண்டு போறன். அக்கா ஒண்டும் சொல்லமாட்டா. அவ உங்களுக்காகத்தான் போறா.”

அத்தான் தலையை நிமிர்த்தினார்.

“அக்கா கிட்ட நிக்கிறாவோ?”

“இல்லை. ரீ வரிசையில நிக்கிறா.”

“தம்பி, எனக்கு இப்ப காதுதான் கண். ஆர் வருகினம், படி எங்கை முடியுது, எல்லாம் சத்தத்தை வைச்சுத்தான் பிடிக்கிறன். சனம் கூடிக் கதைக்கிற இடத்திலயே நான் துலைஞ்சுபோவன். நீர்வீழ்ச்சிக்குக் கிட்டப் போனா அந்த இரைச்சலில என்ன தெரியப்போகுது? முழு இருட்டு. நினைக்கவே பயமாக் கிடக்கு.”

கிருபன் அவருடைய முகத்தையே பார்த்தான்.

“பிறகேன் ஏழு நீர்வீழ்ச்சி?”

“நான் ரெண்டு எண்டுதான் சொன்னனான். படத்தைப் பார்த்துப் பார்த்து அவதான் ஏழாக்கிப்போட்டா.”

தூரத்தில் அக்கா இரண்டு கையிலும் ரீயோடு, பள்ளிக்கூடப் பெட்டைபோலச் சனத்தை விலத்திக்கொண்டு வந்தாள். “கிருபன், எங்கட கேற் நம்பரைப் போட்டிட்டாங்களடா!” என்று அங்கிருந்தே கத்தினாள்.

அந்தக் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பி, அத்தான் மெதுவாகச் சொன்னார்:

“நீ ஒருக்காப் போய் இந்த நீர்வீழ்ச்சியளைப் பார்த்திட்டு வா எண்டு நாலு வருசமாக் கெஞ்சிப் பார்த்தன், என்னை விட்டிட்டு அசையமாட்டன் எண்டிட்டா. எனக்கு ஆசையாக் கிடக்கு எண்டு ஒரேயொரு பொய் சொன்னன், அண்டைக்கே ரிக்கற் போட்டிட்டா.”