ஏழு குடிக்கு ஏழு சுவிச்

“கம்பிய நறுக்கக்குள்ள கவனம் ஒஸ்தா! சுன்னத்து வெக்கிற ஞாபகத்துல நுனிய எடுத்திராத!”

பக்கீர் மரைக்கார் சொன்னதற்குப் பள்ளிவாசல் முற்றமே சிரித்தது.

முகைதீன்பாவா சிரிக்கவில்லை. பலகையில் ஏழாவது சுவிச்சின் கடைசித் திருகாணியை முறுக்கிக்கொண்டிருந்தார்.

நாற்பத்திரண்டு வயது வரைக்கும் ஒஸ்தாவாக ஊரின் தலைகளை மழித்தவர். பொடியன்களுக்குச் சுன்னத்து வைத்தவர். வாப்பாவும் வாப்பாவின் வாப்பாவும் பிடித்த கத்தி அது. யுத்தம் வந்தபோது பட்டாளத்துக்குச் சவரம் செய்யவென்று சீனன்குடா முகாமுக்குப் போனார். அங்கே ஒரு வெள்ளைக்காரச் சார்ஜன்ட்டின் கன்னத்தில் சோப்புப் போட்டபடியே மின்சாரம் படித்தார். மூன்று வருடம் கழித்து, முகாம் கொடுத்த வயர்மேன் சான்றிதழோடு திரும்பி வந்தார்.

ஊர் அந்தச் சான்றிதழைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தது. பிறகு முடிவெட்ட உட்கார்ந்தது.

கத்தியைக் கீழே வைத்தால் ஊர்விலக்கு. அவர் வீட்டில் கலியாணம் எழுத மாட்டார்கள். மையித்து விழுந்தால் தூக்க மாட்டார்கள். ஊரின் ஏழு குடி வம்சங்களுக்கும் தலைவர்களான ஏழு மரைக்கார்மாரும் கையெழுத்து வைத்தால்தான் விடுதலை.

தலைமை மரைக்கார் உசனார் ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். பட்டாளம் ஏலம் விட்ட மின்சார இன்ஜினைப் பள்ளிக்கு வாங்கியாயிற்று. விளக்குப் பற்றினால் கையெழுத்து. பற்றாவிட்டால் வெள்ளிக்கிழமை காலையில் கத்தியோடு வந்து நிற்க வேண்டும். முதல் தலை தன்னுடையது என்றார் உசனார்.

பற்ற வைப்பது சின்ன வேலை. யார் பற்ற வைப்பது என்பதுதான் இரண்டு மாதமாக ஊரை உறங்க விடாத வேலை.

முதலில் ஒரே சுவிச் என்றுதான் பேச்சு. குடி வரிசைப்படி ஏழு பேரும் ஆளுக்கொரு தடவை அழுத்துவது என்று தீர்மானித்தார்கள், கந்தூரியில் சோற்றுப் பங்கு கொடுக்கிற மாதிரி. முதற்குடி அழுத்தினால் பற்றும், இரண்டாங்குடி அழுத்தினால் அணையும் என்று முகைதீன்பாவா விளக்கியபோது பக்கீர் மரைக்கார் சால்வையை உதறிக்கொண்டு எழும்பினார். அவர் இரண்டாங்குடி.

“நாலு குடி பள்ளிக்கு வெளிச்சம் குடுக்கும், மூண்டு குடி இருட்டுக் குடுக்குமா? ஆர்ரா உனக்கு இந்தக் கணக்குச் சொல்லித் தந்த?”

ஆகவே ஏழு சுவிச். நூலளவும் ஏற்றத்தாழ்வு இல்லாமல், மட்டம் வைத்துப் பார்த்து, ஒரே பலகையில். ஏழு பேரும் ஒன்றாக அழுத்தினால்தான் விளக்குப் பற்றும், ஒருவர் விலகினாலும் பற்றாது என்றார் முகைதீன்பாவா. மரைக்கார்மாருக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. தன் ஒரு விரலால் ஊரையே இருட்டில் வைக்கலாம் என்றால் எந்த மரைக்காருக்குக் கசக்கும்?

மஃரிபுத் தொழுகை நெருங்கியது. வாவியில் கறுப்பு ஏறியது.

ஏழு பேரும் பலகைக்கு முன்னால் வரிசையாக நின்றார்கள். உசனார் மட்டும் மர மிதியடி போட்டிருந்தார். மரத்தில் நின்றால் கரண்ட் ஏறாது என்று யாரோ காதில் போட்டிருந்தார்கள். அதைத் தங்களுக்குச் சொல்லாமல் விட்டாரே என்று மற்ற ஆறு பேரும் அவரை முறைத்தார்கள்.

அவர் முகைதீன்பாவாவை முறைத்தார்.

“நீ என்ன இஞ்ச நிக்கிற? ஒஸ்தா நிக்கிற இடமா இது? போ பின்னுக்கு!”

முகைதீன்பாவா பின்னால் இன்ஜின் கொட்டிலுக்குப் போனார். இன்ஜின் தடதடத்துக்கொண்டிருந்தது. கிடுகு இடுக்கால் பார்த்தால் முற்றம் முழுவதும் தெரிந்தது.

“பிஸ்மில்லாஹ்!”

ஆறு விரல்கள் அழுத்தின.

பக்கீர் மரைக்காரின் விரல் அழுத்தவில்லை. சுவிச்சுக்கு ஓர் அங்குலம் தள்ளி, ஆகாயத்தில் நின்றது. கண்ணை மூடி, ஓதுகிறவரைப் போல உதட்டை அசைத்துக்கொண்டு, ஒஸ்தாவின் வெள்ளிக்கிழமையைத் தீர்மானித்துவிட்டு நின்றார்.

விளக்குப் பற்றியது.

உள்பள்ளியில் பதினாறு பல்பும். மினாராவின் உச்சியில் இருந்த பச்சைப் பல்பும்.

பக்கீர் மரைக்கார் கண்ணைத் திறந்தார். விளக்கைப் பார்த்தார். தன் விரலைப் பார்த்தார். யாரும் தன்னைப் பார்க்கவில்லை என்று தெரிந்ததும் டக்கென்று அழுத்திவிட்டு, எல்லோரையும் விட உரக்கத் தக்பீர் முழங்கினார்.

‘இன்று முதல் இவரை ஒஸ்தா வேலைக்கோ பள்ளிவாசல் வேலை எதற்குமோ அழைப்பதில்லை’ என்ற கடிதத்தில் ஏழு கையெழுத்தும் விழுந்தன.

“எங்கட குடி கை வெச்சபடியாத்தான் பத்தின,” என்றார் பக்கீர் மரைக்கார், பேனாவை மூடிக்கொண்டே. மற்ற ஆறு பேரும் அதையே தத்தம் ஆட்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

இஷா தொழுகை முடிந்தது. இனி விளக்கை அணைக்க வேண்டும்.

ஏழு மரைக்கார்மாரும் கையைக் கட்டிக்கொண்டார்கள். பள்ளியை இருட்டாக்கிய குடி என்று பேரன்மார் காலத்திலும் பேச்சு வரும்.

“அணைக்கிறது குடியாக்கள்ற வேல இல்ல,” என்று உசனார் தீர்ப்புச் சொன்னார். “டேய் ஒஸ்தா, நீ அணைச்சிட்டுப் போ.”

“ஓம் மரைக்கார்.”

கடிதத்தை நாலாக மடித்து இடுப்பு வாரில் செருகிக்கொண்டு முகைதீன்பாவா நடந்தார். பலகையைத் தாண்டி, அதைத் திரும்பியும் பாராமல், இன்ஜின் கொட்டிலுக்குள் போனார்.

அங்கே எண்ணெய்த் தகரங்களுக்குப் பின்னால், தூணில் எட்டாவது சுவிச் ஒன்று இருந்தது. கம்பி இழுத்திருந்தது அதற்கு மட்டும்தான்.

அன்று இரண்டாவது தடவையாக அதை அழுத்தினார்.