இடைச்செருகல்

பண்டிதர் திருமலைமுத்து பதிப்பித்த பழம்பாடலில் நான்கு வரிகள் எந்த ஏட்டிலும் இல்லாதவை, அவரே எழுதிச் செருகியவை என்று பேராசிரியர் தாண்டவமூர்த்தி நிறுவியிருந்தார். அந்த ஆய்வுக்குத்தான் பண்டிதரின் பெயரிலேயே உள்ள பரிசு கிடைத்திருந்தது. அதை வழங்க மேடையேறியவர் பண்டிதரின் மகள் மங்கையர்க்கரசி. அரங்கில் ஒருவர்கூட இருமவில்லை. அந்த அம்மாள் பொன்னாடையைப் பிரித்துப் பேராசிரியரின் தோளில் போர்த்தினார். போர்த்திய பிறகும் அதன் முனைகளை விடவில்லை. படம் எடுத்தவர் காமிராவை இறக்கிவிட்டார். ஜரிகை பேராசிரியரின் பிடரியை அறுத்தது.

"நாலு வரியும் ஏட்டுல கிடையாதுதான் தம்பி. நீங்க கண்டுபிடிச்சது சரி," என்றார் அவருக்கு மட்டும் கேட்கும்படி.

"ஐயாவைக் குறை சொல்லணும்னு எழுதலைம்மா."

"செத்த பிள்ளைக்குச் சுரந்த பால் மார்ல கல்லாக் கட்டிக்கிட்டு வலிக்குதுன்னு ஒரு தாய் சொல்றா. அதானே அந்த வரி?"

"ஆமாம்மா."

"எனக்கு முன்னால பிறந்தது கண்ணு திறக்கிறதுக்குள்ள போயிருச்சு. அப்பாவுக்கு ஏட்டைப் பார்த்துப் படியெடுத்துக் கொடுத்ததெல்லாம் அம்மாதான்."

முனைகளை விட்டுவிட்டு அவர் கீழே இறங்கினார். அடுத்து ஏற்புரை என்று அறிவித்தார்கள். தாண்டவமூர்த்தி மைக் முன்னால் வந்து கையிலிருந்த தாளைப் பிரித்தார். 'பண்டிதர் எழுதிய அந்த நான்கு வரிகள்' என்று அது தொடங்கியது. முன்வரிசையில் மங்கையர்க்கரசி இன்னும் உட்காரவில்லை.