யப்பானோ அமெரிக்கனோ

“நல்லா இறுக்கிக் கட்டுங்கோ அக்கா. மூக்குப் பக்கத்தாலை நிலம் தெரியும், அதையும் மூடிவிடுங்கோ,” என்றார் தில்லையம்பலம்.

யோகராணி தம் கழுத்துத் துணியை நான்காக மடித்துக் கணவர் இராஜதுரையின் கண்களைக் கட்டினார். பிறகு அவருடைய தோளில் கை வைத்தபடி அருகிலேயே நின்றுகொண்டார்.

புலம்பெயர்ந்த தமிழர் நிறைந்த லா சப்பலில், ரயில் பாதையை ஒட்டியிருந்த வலன்ரைனின் கராஜ் முற்றம் ஆட்களால் நிறைந்திருந்தது. மறுகோடியில் இரண்டு டீசல் பிக்கப்புகள் நின்றன. வெள்ளை, இராஜதுரையின் யப்பான் வண்டி. கறுப்பு, தில்லையம்பலத்தின் அமெரிக்கன் வண்டி. வருகிற ஞாயிற்றுக்கிழமை பிள்ளையாரின் தேருக்கு முன்னால், ஒலிபெருக்கிகளைச் சுமந்துகொண்டு போகப்போவது இவற்றில் எது என்பதே வழக்கு.

இதுவரை அந்த இடம் யப்பானுக்கே கிடைத்துவந்தது. “கண்ணைக் கட்டிவிட்டாலும் என்ரை வண்டியின்ரை சத்தத்தைச் சொல்லுவன்” என்பது இராஜதுரையின் பழைய பெருமைப் பேச்சு. இரு தரப்பாரின் சச்சரவால் சலித்துப்போன தேர்க் குழுவினர் அந்தப் பேச்சையே பந்தயமாக்கிவிட்டார்கள். வலன்ரைன் தாம் விரும்பிய வண்டியை மூன்று முறை ஸ்ராட் செய்வார். உறுமுவது எந்த வண்டி என்று மூன்று முறையும் இராஜதுரை சரியாகச் சொன்னால் இடம் அவருக்கு. ஒரு முறை தவறினாலும் தில்லையம்பலத்துக்கு.

“அமெரிக்கன் வைச்சிருக்கிறவன் எண்ணெய் அடிக்கிற செட்டுக்குப் பக்கத்திலை வீடு எடுக்க வேணும்,” என்று யப்பான்காரர் ஒருவர் சீண்டினார்.

“உங்கடை யப்பானிலை ரெண்டு மூட்டை அரிசி ஏத்தினால், மூண்டாவது மூட்டைக்கு மெட்ரோ ரிக்கெற் எடுக்க வேணும்,” என்றார் தில்லையம்பலம்.

சிரிப்பு எழுந்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. அவருக்கு இது வண்டியைப் பற்றிய வழக்கு மட்டுமன்று. அவரும் இராஜதுரையும் ஒரே உணவகத்தில் கோப்பை கழுவியவர்கள். ஒரே அறையில் பாய் விரித்துப் படுத்தவர்கள். சென்ற ஆண்டு கோடையில் தில்லையம்பலம் அமெரிக்கன் வண்டி வாங்கினார். அந்தக் கோடையிலிருந்து, தெருவில் கூப்பிட்டாலும் இராஜதுரை நில்லாமல் போகிறார். தொலைபேசியில் அழைத்தால் யோகராணிதான் பேசுகிறார். ஒரு வண்டிக்காக ஒரு மனிதனை உதறிவிடலாமா? இன்று ஊர் பார்க்க அந்தச் செருக்கை அடக்கிவிட வேண்டும்.

வலன்ரைன் ஏறிச் சாவியைத் திருப்பினார். வண்டி உறுமியது.

“யப்பான்,” என்றார் இராஜதுரை.

சரிதான். எஞ்சின் நின்றது, சற்றுப் பொறுத்து மற்ற வண்டி உறுமியது.

“அமெரிக்கன்.”

கூட்டம் கைதட்டியது. தில்லையம்பலம் தட்டவில்லை. அவருடைய பார்வை யோகராணியின் கட்டைவிரலில் நிலைகுத்தியிருந்தது.

“ஒரு நிமிஷம். அக்கா, கையை எடுங்கோ.”

“ஏன்?”

“ஏனெண்டு உங்களுக்குத் தெரியும். முதல் ஒருக்கா அமத்தினியள். பிறகு ரெண்டு தரம். எனக்குக் கண் கட்டேல்லை.”

யோகராணியின் முகம் வெளிறியது.

“கண்ணைக் கட்டினால் இவருக்குத் தலை சுத்தும், தில்லை. அதுதான் பிடிச்சிருக்கிறன்.”

“கதிரை தாறன். இருந்துகொண்டு சொல்லட்டும்.”

அவரே ஒரு கதிரையைக் கொண்டுவந்து வைத்தார். யோகராணி கணவரை அதில் அமர்த்திவிட்டுத் தில்லையம்பலத்தின் அருகே வந்து குரலைத் தாழ்த்தினார்.

“உங்கடை வண்டியே முன்னுக்குப் போகட்டும். நாங்கள் விட்டுத் தாறம். இதோடை நிப்பாட்டுவம்.”

“எனக்குப் பிச்சை வேண்டாம், அக்கா. விட்டுத் தாறதெண்டால் அவர் தன்ரை வாயாலை சொல்லட்டும். ஒரு வருஷமா என்னோடை ஒரு சொல்லுப் பறையேல்லை.”

தம்மைப் பற்றியே பேச்சு நடந்தும் இராஜதுரை அசையவில்லை. இதழோரத்தில் இலேசான சிரிப்போடு நிமிர்ந்து அமர்ந்திருந்தார். அந்தச் சிரிப்புத் தில்லையம்பலத்தைச் சுட்டது.

“தள்ளி நில்லுங்கோ அக்கா. இன்னும் தள்ளி.”

யோகராணி எதையோ சொல்ல வாயெடுத்தார், கூட்டத்தைப் பார்த்தார், சொல்லாமலே சுவரோரம் போய் நின்றார்.

வலன்ரைன் வெள்ளை வண்டியில் ஏறினார். இதில் தோற்றுவிடுவேனோ என்று தில்லையம்பலம் அஞ்சினார். இராஜதுரையின் சொந்த வண்டியாயிற்றே; அதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவாரே.

எஞ்சின் உறுமியது. இராஜதுரை பேசவில்லை. வலன்ரைன் மிதியை அழுத்தினார்; கராஜின் தகரக் கூரை அதிர்ந்தது. அப்போதும் விடை வரவில்லை. தில்லையம்பலத்துக்கு உள்ளம் துள்ளியது. களவு பிடிபட்டுவிட்டது, மனைவியின் விரலில்லாமல் மனிதருக்குத் தம் வண்டியையே தெரியவில்லை. வலன்ரைன் மிதியை அடிவரை அழுத்தினார். சுவர்மேலிருந்த புறாக்களெல்லாம் சிதறிப் பறந்தன; அருகே நின்றவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

கதிரையில் இருந்த இராஜதுரை, காத்திருந்து அலுத்துப்போனவராய், முகத்தை இப்பக்கமும் அப்பக்கமும் திருப்பினார்.

“என்ன, எல்லாரும் பேசாமல் நிக்கிறியள்? வண்டியை ஸ்ராட் பண்ணுங்கோவன்.”