பெயரில்லாத சீட்டு

“நான் வந்ததாலதான் இந்த ரூம் சின்னதாயிடுச்சா?” என்று ஒரு குழந்தை கேட்டது.

“சின்னதாகல கண்ணு. ‘கொம்பாக்தோ’ ஆயிடுச்சு. எல்லாரும் ஒண்ணா பிணைஞ்சிட்டோம்” என்றாள் சலவைக்காரி.

மெக்சிகோ நகர அகராதி அலுவலகத்தில், ‘கொம்பாக்தோ’ என்ற ஸ்பானியச் சொல்லை மக்கள் பேசும் விதத்தைக் குறித்துவைத்த பழைய சீட்டை நிகனோர் வாசித்து முடித்தான்.

“சொன்னவங்க பேர் எங்கே?” என்றார் தலைமைப் பதிப்பாசிரியர் எவுலாலியா. “பேரில்லாத சீட்டு செல்லாது. ‘சிறியது’, ‘அடர்த்தியானது’, இந்த ரெண்டு அர்த்தம் போதும்.”

“டோன்யா எவுலாலியா, அந்தச் சொல்லோட லத்தீன் வேரே ‘சேர்த்துப் பிணைத்தது’தான்! பள்ளிக்கூடமே போகாதவ அதைச் சரியாச் சொல்லியிருக்கா. அதையா வெட்டணும்?”

“சாயங்காலம் அச்சுக்குப் போகுது. விதியை மாத்த முடியாது.”

“சீட்டு எழுதின சோம்பேறியைச் சொல்லணும். பேரைக்கூடக் கேக்கல!”

“சோம்பேறியா இருக்காது. கோழையா இருக்கும்” என்று அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நிகனோர் சாப்பிடப் போனான். அறையில் வேறு யாருமில்லை. எவுலாலியா சீட்டைக் கையில் எடுத்தார். நாற்பது ஆண்டுகளுக்கு முன், வேலைக்குச் சேர்ந்த புதிதில், அதை எழுதியவர் அவர்தான். ஆறு பேர் படுத்த ஒற்றை அறையில், பெற்றோரை இழந்த தன்னை ஏழாவதாகச் சேர்த்துக்கொண்டவளின் பெயரை அன்று எழுதவில்லை. சலவைக்காரி வளர்த்த பெண் என்று சிரிப்பார்களோ என்ற பயம்.

நெற்றியில் சிலுவைக் குறி இட்டுக்கொண்டு, காலியாக இருந்த இடத்தில் எழுதினார்: “பெத்ரோனா சொலால்பா. என் அம்மா.”

சீட்டை அச்சுக்குப் போகும் கட்டுக்குள் செருகிவிட்டு அடுத்த சொல்லை எடுத்தார்.