கூட்டு லைன்

"ஒங்க மனு பாஸாயிருச்சு ஐயா. இனிமே கூட்டு லைன் கெடையாது. ஒங்க ஆபீஸுக்குத் தனி லைன்," என்றார் கெர்லிங் டவுனிலிருந்து வந்த டெலிபோன்காரர் தங்கராஜு.

ரப்பர் தோட்டத்து ஆபீஸின் தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணி அப்பளசாமி நாற்காலியை விட்டு எழவில்லை. பக்கத்துத் தோட்டத்து ஆபீஸோடு ஒரே லைனில் இருக்க முடியாது என்று ஆறு வருஷத்துக்கு முன்னால் கோபத்தில் மனு எழுதிப் போட்டவர் அவர்தான். அதை அவரே மறந்திருந்தார்.

"அடுத்த மாசம் செஞ்சா போதும்லா."

"அந்தப் பக்கம் பிரிச்சாச்சுங்க. இனி அவங்க பேசுறது இங்க கேக்காது. நிம்மதிதானே?"

தங்கராஜு காட்டிய இடத்தில் அப்பளசாமி கையெழுத்துப் போட்டார். சுவர்க் கடிகாரம் பத்து அடித்தது. கை தானாக ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தது. கொர்ரென்ற சத்தம் மட்டும் கேட்டது.

தங்கராஜு அவரைப் பார்க்காமல் கம்பியைச் சுருட்டினார். "அங்க டைப் அடிக்கிற அக்காவுக்குத்தான் முகமே செத்துப்போச்சு. தெனமும் பத்து மணிக்குக் கூட்டாளிக்குப் போன் போட்டுப் பிள்ளைங்க கதையெல்லாம் சொல்லுமாம். இந்தப் பக்கம் ரிசீவர் எடுக்குற சத்தம் கேட்ட பெறகுதான் பேச்சையே ஆரம்பிக்குமாம்."

"ஏனாம்?"

"கல்யாணம் கட்டுன நாள்லேருந்து அவங்கப்பா பேசுறதில்லையாம். காதுலயாவது விழட்டும்னுச்சு."

அப்பளசாமி ரிசீவரைக் கீழே வைக்கவில்லை. ஆறு வருஷம் கழித்து மகளிடம் வாயைத் திறந்தார்.

"சின்னவளுக்குக் காய்ச்சல் விட்டுருச்சாம்மா?"

கொர்ரென்ற சத்தம் அப்படியே இருந்தது.