பிரேக்கைத்தான் மிதித்தேன்

கதவு திறந்ததும் அந்த ஆளின் முகத்துக்கு நேரே கத்தினேன்.

"ஓட்டைக் காரை எங்க தலையில கட்டிட்டு நிம்மதியா உக்காந்து சாப்பிடுறீங்களா சார்?"

உண்மையிலேயே சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். தட்டோடு எழுந்து வந்திருந்தார்.

லிஃப்ட் பழுது பார்க்கிறவர் என்று கேள்விப்பட்டிருந்தேன். நேரில் பார்ப்பது இதுதான் முதல் தடவை. காரைப் பார்த்தது, ஓட்டிப் பார்த்தது, வாங்கி வந்தது எல்லாம் என் வீட்டுக்காரர்தான். பேரம் பேசுவதில் மகன் புலி என்று மாமியார் பூரித்துப்போனார். "பேசிப் பேசியே விலையை இறக்கிட்டேன்" என்று இவரும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் மார்தட்டினார்.

இருபதாம் நாள், பள்ளிக்கூடத்துக்கு முன்னால் உள்ள இறக்கத்தில் பிரேக்கை மிதித்தேன். கால் மொத்தமாக உள்ளே போனது. கார் மதிலில் முட்டித்தான் நின்றது.

ஏழு வயது மகளுக்கு முகவாயில் நான்கு தையல்.

அது போதாதென்று பழி என் மேல். பிரேக்குக்குப் பதிலாக ஆக்ஸிலேட்டரை மிதித்துவிட்டேனாம். மாமியார் சொல்கிறார், நாத்தனார் சொல்கிறார். ஸ்டியரிங்கைத் தொட்டே பார்க்காத கொழுந்தன்கூட எந்தக் கால் எங்கே இருக்க வேண்டும் என்று எனக்குப் பாடம் எடுக்கிறான். பதினோரு வருடமாக ஓட்டுகிறேன், ஒரு கீறல் கிடையாது. யார் காதில் விழுகிறது? கார் சரியாகி வந்தாலும் சாவி எனக்குக் கிடையாதாம்.

நேற்று மகளும் சொல்லிவிட்டாள், இனிமேல் அப்பாவே ஓட்டட்டும் என்று. பயந்து பயந்து சொன்னாள்.

ஒர்க்ஷாப்காரர் மட்டும்தான், பிரேக் ஆயில் ரொம்ப நாளாகவே கசிந்திருக்கிறது என்றார். அதை வீட்டில் சொன்னால், மெக்கானிக் காசு பிடுங்க ஆயிரம் சொல்வான் என்று வீட்டுக்காரர் ஒரே போடாகப் போட்டார். சரி, விற்ற ஆளிடமாவது போய்க் கேளுங்கள் என்றேன். "விடு, நான் பேசிக்கிறேன்" என்று சொல்லியே மூன்று வாரத்தைக் கடத்திவிட்டார். பேரம் பேசிய வாய் இப்போது எங்கே போனது? அவர் பேசுகிற மாதிரி தெரியவில்லை. நானே கிளம்பி வந்துவிட்டேன்.

எனக்குக் காசு வேண்டாம். காரைத் திருப்பி எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். விற்கும்போதே பிரேக் சரியில்லை என்று இந்த ஆள் தன் வாயால் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

"பிரேக் கெட்டுப்போயிருந்தது உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? அதைச் சொல்லுங்க முதல்ல."

"தெரியும்மா" என்றார்.

அடப்பாவி! தெரிந்தேதான் விற்றிருக்கிறான். நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி கத்தினேன். என்னென்ன சொன்னேன் என்று எனக்கே தெரியாது. அவர் தட்டை வைத்துவிட்டுக் கையைக் கழுவினார். உள்ளே போய் ஒரு ஃபைலை எடுத்து வந்தார்.

லிஃப்டில் பழுது இருந்தால் அதை எழுதி, கட்டடத்துக்காரரிடம் கையெழுத்து வாங்காமல் இடத்தை விட்டு நகரக் கூடாதாம் அவருடைய வேலையில். அந்தப் பழக்கத்தில் காருக்கும் எழுதியிருந்தார். அதே அச்சடித்த தாளில், லிஃப்ட் எண் என்று இருந்த இடத்தில் கார் நம்பரைப் போட்டு.

பின்பக்கக் கண்ணாடி இறங்காது. ஹார்ன் சில சமயம் அடிக்காது. மூன்றாவது மட்டும் சிவப்பு மையில் இருந்தது. பிரேக் ஆயில் கசிகிறது, சரிசெய்யாமல் ஓட்டக் கூடாது, இதற்காகவே விலையைக் குறைத்திருக்கிறேன்.

அடியில், 'படித்துப் புரிந்துகொண்டேன்' என்ற வரிக்கு நேரே என் வீட்டுக்காரர் கையெழுத்து.

"வண்டி வெச்சு இழுத்துட்டுப் போகச் சொன்னேம்மா. ஒர்க்ஷாப் பக்கத்துலதான், மெதுவா ஓட்டிட்டுப் போயிடறேன்னார். மனசு கேக்காம அடுத்த வாரம் போன் பண்ணிக் கேட்டேன். சரி பண்ணியாச்சுன்னார்." அப்போதுதான் என் முகத்தைச் சரியாகப் பார்த்தார். "ஏம்மா, யாருக்காவது ஏதாவது ஆயிடுச்சா?"

"ஓட்டக் கூடாத வண்டிக்கு எதுக்கு சார் சாவியைக் குடுத்தீங்க?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். ஆனால் அவர் மேல் இருந்த கோபம் அதற்குள் வேறு இடத்துக்குப் போய்விட்டது.

அன்றைக்கு ஆஸ்பத்திரியில், எப்படி நடந்தது என்று டாக்டர் என்னிடம்தான் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் என் மகராசன் முந்திக்கொண்டார். பெடலை மாற்றி மிதித்துவிட்டாள் என்றார். அதற்கு முன்னால் அந்த வார்த்தையை யாரும் சொல்லவில்லை. கார் முட்டியபோது அவர் அங்கே இல்லவே இல்லை. பதற்றத்தில் உளறுகிறார், பாவம் என்று நினைத்தேன்.

"இந்தத் தாளை எனக்குக் குடுங்க சார்."

அவர் தயங்கினார். "நாளைக்கு ஒரு பிரச்சினை வந்தா, நான் ஏமாத்தலைன்னு காட்ட என்கிட்ட இருக்கறது இது ஒண்ணுதாம்மா."

"எனக்கும் இது ஒண்ணுதான் சார்" என்றேன். நீட்டிய கையை எடுக்கவில்லை.