இரண்டு பாதிகள்

தம்பியின் மேல் விழுந்து அவனைக் கொன்ற கிரேன் கொக்கியிலிருந்து அறுத்த இரண்டு கம்பித் துண்டுகள், அவள் வேலை பார்த்த சோதனைக்கூடத்துக்கே வந்து சேர்ந்தன. எஃகு மட்டமா, இல்லை செத்தவன்தான் அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றினானா என்பதுதான் கேள்வி. தான் அவனுடைய அக்கா என்பதைப் பற்றி அவள் மூச்சுவிடவில்லை.

முதல் துண்டை இயந்திரத்தில் மாட்டி இழுத்தாள். தாங்க வேண்டியதில் பாதிப் பாரத்துக்கே படாரென்று முறிந்தது. எவ்வளவு நீண்டது என்று அளக்க, வழக்கம்போல் இரண்டு பாதிகளையும் முனையோடு முனை சேர்த்து வைத்துவிட்டு மேலாளரைக் கூப்பிடப் போனாள்.

"எங்கம்மா உடைஞ்சிருக்கு? முழுசா இருக்கே!"

முழுசாகத்தான் இருந்தது. ஒரு கீறல்கூட இல்லை. இயந்திரத்தின் திரையிலும் பாரத்தைக் காட்டும் கோடு முறியாமல் ஏறி நின்றது.

"என் கண்ணு முன்னாடிதான் சார் உடைஞ்சுது."

"முதல்ல டாக்டர்கிட்ட கண்ணைக் காட்டும்மா. கம்பி நல்ல கம்பி. குத்தமெல்லாம் அந்தப் பையன் மேலதான்."

இரண்டாவது துண்டும் பாதிப் பாரத்துக்கே முறிந்தது. இந்த முறை அவள் சேர்த்து வைக்கவில்லை. உள்ளங்கைக்கு ஒன்றாகப் பொத்தி, கைகளை அகல விரித்துக்கொண்டே மேலாளர் அறைக்கு நடந்தாள். அவர் மேசை முன் நின்றதும் கைகள் அவள் பேச்சைக் கேட்காமல் நெருங்கி, நெஞ்சுக்கு நேரே ஒட்டிக்கொண்டன. பிரிக்க முடியவில்லை.

மேலாளர் நிமிர்ந்து பார்த்தார்.

"கும்பிட்டு என்னம்மா ஆகப்போகுது?" என்றபடி அறிக்கையில் கையெழுத்துப் போட்டார்.